செம்மண் கொல்லையில் புளிச்சக்கீரை: விதைப்பு முதல் ஊறுகாய் ஜாடி வரை

ருபார்ப் செடியை நம் ஊரில் வளர்க்க முடியுமா என்று கேட்டு, கையில் ஒரு விதைப் பொட்டலத்தோடு வருபவர்கள் கடந்த சில ஆண்டுகளில் கூடியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் அந்தச் சிவந்த தண்டையும் அதிலிருந்து செய்த ஜாமையும் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் பிழை ஏதுமில்லை. ஆனால் ருபார்ப் குளிர்நாட்டுச் செடி. குளிர்காலத்தில் வெப்பநிலை ஏறக்குறைய 5 டிகிரிக்குக் கீழே பல வாரங்கள் இருந்தால்தான் அதன் கிழங்கு உறங்கி எழுந்து, அடுத்த ஆண்டு பருத்த தண்டுகளை விடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலேயே குளிர்ச்சியான ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில்கூட மார்கழி இரவு அந்த அளவுக்கு இறங்குவதில்லை. சித்திரை வெயிலோ அந்தச் செடியை வாட்டிவிடும். அதன் இலையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி என்பதால் இலையை உண்ணவே கூடாது, தண்டு மட்டுமே உணவு என்பதையும் பலர் அறியாமல் விதை வாங்கிவிடுகிறார்கள்.

புளிப்பும் சிவப்பும் ஜாம் பதமும் ஆகிய மூன்றும்தான் வேண்டும் என்றால், அவற்றை நம் வெயிலிலேயே தரக்கூடிய செடி நம் கொல்லை வரப்பில் காலங்காலமாக நிற்கிறது. அதுதான் புளிச்சக்கீரை. இதன் இலையையும் உண்ணலாம், காயைச் சுற்றியுள்ள சிவப்புத் தோலையும் உண்ணலாம், தண்டிலிருந்து நாரும் எடுக்கலாம். எட்டு ஆண்டுகளாக வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் இதை வளர்த்து வருகிறேன். இந்தச் செடியில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது உரமோ பூச்சியோ அல்ல, விதைக்கும் மாதம்தான் என்பதை நான் தாமதமாகவே கற்றேன். ஆகவே அதை மட்டும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எந்தப் புளிச்சை?

புளிச்சக்கீரை என்ற ஒரே பெயரில் சந்தையில் இரண்டு செடிகள் வருகின்றன. ஒன்று நாருக்காகவும் இலைக்காகவும் வளர்க்கப்படுவது. இதன் இலை ஐந்து விரல்களைப் போல மெலிதாகப் பிளந்திருக்கும், தண்டில் சிறு முட்கள் தட்டுப்படும், வெளிர் மஞ்சள் பூவின் நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு இருக்கும். கேழ்வரகு, நிலக்கடலைக் கொல்லைகளின் வரப்போரம் வேலி போல நிற்பது பெரும்பாலும் இதுவே. மற்றொன்று தண்டும் நரம்பும் சிவந்திருக்கும் வகை. இதன் பூ உதிர்ந்த பிறகு, பூவைத் தாங்கிய புல்லிவட்டம் சதைப்பிடித்துக் கருஞ்சிவப்பாகி, உள்ளே இருக்கும் பச்சைக் காயைப் பொதிந்துகொள்ளும். கடைகளில் செம்பருத்தித் தேநீர் என்ற பெயரில் அட்டைப் பெட்டியில் விற்கப்படுவது இந்தச் சிவப்புத் தோலை உலர்த்தியதுதான். எகிப்திலும் சூடானிலும் கர்கடே என்றும், மெக்சிகோவில் ஹமைக்கா என்றும் இதைக் குடிக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் கோங்கூரா என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்.

கடைசலுக்கும் ஊறுகாய்க்கும் இரண்டுமே ஏற்றவை. சிவந்த வகையில் புளிப்பு தூக்கலாக இருக்கும். ஜாமும் பானமும் வேண்டுமென்றால் சிவந்த வகையைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே விதை வாங்கும்போதே தண்டின் நிறத்தைக் கேட்டு வாங்க வேண்டும். விதையைப் பார்த்து வகையைச் சொல்வது கடினம். நான் முதலில் சிவப்பு என்று சொல்லி வாங்கிய பொட்டலத்தில் பாதிக்கு மேல் முள்தண்டு வகையே முளைத்தது. அதன் பிறகு தை மாதத்தில் சந்தைக்குக் கீரை கொண்டுவரும் அம்மாக்களிடம், அவர்கள் கொல்லையில் முற்றிய காயையே கேட்டு வாங்கத் தொடங்கினேன். அதுதான் நம்பத்தகுந்த வழி.

இதோடு சுக்காங்கீரையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தாவரக் குடும்பத்தைப் பார்த்தால் ருபார்புக்கு உண்மையான உறவு சுக்காங்கீரைதான். நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று கிடைக்கும் வேரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மலைச்செடியினுடையதே. ஆனால் சுக்காங்கீரை ஒரு சாணுக்கு மேல் வளராத சிறு கீரை. ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியில் தூவி, ஒன்றரை மாதத்தில் பறித்து முடித்துவிடலாம். புளிச்சையோ பருத்தி, வெண்டை, செம்பருத்தி ஆகியவற்றின் குடும்பம். ஆள் உயரம் வளரும்.

விதைக்கும் மாதம்

புளிச்சை பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. பகல் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்குச் சுருங்கும்போது, செடி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு மொட்டு வைக்கத் தொடங்கிவிடும். நம் மாவட்டங்கள் வடக்கே 12 டிகிரி அகலாங்கை ஒட்டி இருப்பதால், ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடமும், டிசம்பர் கடைசியில் ஏறக்குறைய 11 மணி 25 நிமிடமும் இருக்கும். இந்த ஒன்றரை மணி நேர வேறுபாடு நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை, செடிக்குத் தெரிகிறது.

மூன்றாம் ஆண்டில் நான் இதை அறியாமல் புரட்டாசி மழை நன்றாகப் பெய்ததைப் பார்த்து, பத்தடிக்குப் பத்தடி பாத்தியில் சிவந்த வகையை விதைத்தேன். விதை முளைத்தது, செடி செழித்தது, ஆனால் முழங்கால் உயரம் வருவதற்குள் ஒவ்வொரு கணுவிலும் மொட்டு. கிளையே இல்லாத ஒற்றைத் தண்டில் ஐந்து, ஆறு காய்கள் மட்டும். முழுப் பாத்தியிலும் கிடைத்த சிவப்புத் தோல் ஒரு சொம்பை நிரப்பவில்லை. உரம் போதவில்லை என்று எண்ணி மறுபடியும் எரு போட்டு, அதையும் வீணாக்கினேன். அடுத்த ஆண்டு அதே மண்ணில், அதே விதையை வைகாசியில் போட்டபோது, செடிகள் என் தோள் உயரத்துக்கு வளர்ந்து, கிளைக்குக் கிளை காய் பிடித்தன.

ஆகவே கணக்கு இதுதான். சிவப்புக் காய் வேண்டுமானால் வைகாசி, ஆனி மாதங்களில், அதாவது மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள், கோடை மழை ஈரத்தில் விதைக்க வேண்டும். செடிக்கு நான்கு மாதம் வளர நேரம் கிடைக்கும். ஐப்பசியில் பூத்து, கார்த்திகை, மார்கழியில் காய் தரும். இலை மட்டும் போதும் என்றால் பங்குனி முதல் ஆடி வரை எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம். கோடையில் தண்ணீர் மட்டும் தவறக்கூடாது. ஆவணிக்குப் பிறகு விதைப்பதாக இருந்தால், முளைத்த 25 முதல் 30 நாட்களில் வேரோடு பிடுங்கிக் கட்டாகச் சமைப்பதற்கு மட்டுமே விதைக்க வேண்டும்.

மாடியில் வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். இரவு முழுவதும் தெருவிளக்கு வெளிச்சம் விழும் மூலையில் பையை வைக்காதீர்கள். நீண்ட இருட்டு கிடைத்தால்தான் இச்செடி பூக்கும். என் மாடியின் தெருவோர மூலையில் நின்ற இரண்டு செடிகள், உள்பக்கம் நின்றவை காய் பிடித்த பிறகும் இலை விட்டுக்கொண்டே இருந்தன. பையை இடம் மாற்றிய பிறகே அவை மொட்டு வைத்தன.

மண்ணும் விதைப்பும்

நம் செம்மண் இதற்கு ஏற்றது. தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். தேங்கினால் அடித்தண்டு அழுகிச் செடி ஒரே நாளில் தலை சாயும். நான்கடிக்கு நான்கடி பாத்திக்கு இரண்டு கூடை மட்கிய தொழு உரம் அல்லது ஆட்டு எருவும், இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து, ஒரு வாரம் ஆறவிட்டு விதைக்கலாம். பச்சைச் சாணத்தைப் போடக் கூடாது. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருக்கும், காய் குறையும். ஆகவே காய்க்காக வளர்க்கும் பாத்திக்கு இடையில் மறுபடியும் எரு கொட்ட வேண்டாம்.

வளர்ப்புப் பை என்றால் இலைக்கு 12 அங்குலப் பையும், காய்க்கு 15 அல்லது 18 அங்குலப் பையும் வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்ற கலவை மாடிக்கு ஏற்றது. செம்மண்ணை மட்டும் நிரப்பினால் இரண்டு மாதத்தில் செங்கல் போல இறுகிவிடும்.

விதையை முன்னிரவில் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, காலையில் மிதப்பவற்றை நீக்கிவிட்டு, விரல் நுனி அளவு ஆழத்தில், அதாவது ஒரு சென்டிமீட்டர் அளவில் ஊன்றினால் நான்கு முதல் ஏழு நாட்களில் முளைக்கும். இலைக்கு என்றால் வரிசைக்கு வரிசை ஒரு அடியும், செடிக்குச் செடி நான்கு விரல் முதல் ஒரு சாண் வரையும் போதும். காய்க்கு என்றால் செடிக்குச் செடி குறைந்தது இரண்டரை அடி விட வேண்டும். முளைத்த நாற்று ஒரு விரல் நீளம் இருக்கும்போது அந்த இடைவெளி வீணாகத் தெரியும். ஆவணியில் அதே இடத்தில் கை நுழையாது. குழிக்கு மூன்று விதை ஊன்றி, நான்கு இலை வந்ததும் வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றைப் பிடுங்கிச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வெண்டை, தக்காளி, கத்தரி நின்ற இடத்தில் உடனே புளிச்சையை விதைக்காமல் இருப்பது நல்லது. அந்தப் பயிர்களில் வரும் வேர்முடிச்சு நூற்புழு இதையும் தாக்கும். செடி காரணமின்றிக் குட்டையாக மஞ்சளித்து நின்றால், ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். பாசிமணி கோத்தது போல முடிச்சுகள் இருந்தால் அதுதான். அந்தப் பாத்தியில் ஒரு பருவம் செண்டுமல்லி வைத்தால் நூற்புழு குறையும்.

வளர்ப்பு

தரையில் நின்றால் முதல் மாதம் மூன்று நாட்களுக்கு ஒருமுறையும், அதன் பிறகு மழையைப் பொறுத்து வாரம் ஒருமுறையும் தண்ணீர் விடலாம். பைக்கு வெயில் காலத்தில் அன்றாடம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில், பையின் மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்கு படியும். மழை பெய்யும் நாளில் பையை வெளியே வைத்து, அடியில் நீர் வழிந்து ஓடும்படி நனையவிட்டால் அந்த உப்பு கரைந்து போகும்.

செடி ஒரு அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராது, ஆனால் கிள்ளாத செடி ஒற்றைக் கம்பாக நிமிர்ந்துவிடும், கிள்ளிய செடி நான்கைந்து கிளை விட்டுப் புதராகும். காய் பெரும்பாலும் கிளையில்தான் பிடிக்கிறது. ஐப்பசிக் காற்றில் காய்ப் பாரம் தாங்காமல் செடி சாயும் என்பதால், புரட்டாசியிலேயே அடிக்கு மண் அணைத்து ஒரு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

பூச்சிகளில் கவலைப்பட வேண்டியது மாவுப்பூச்சி. கொழுந்தின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு, நுனியைச் சுருட்டி முடக்கிவிடும். எறும்பு வரிசையாகச் செடியில் ஏறுவதைக் கண்டால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று பொருள். தொடக்கத்திலேயே அந்த நுனியை ஒடித்துச் சோப்பு நீரில் போட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். எஞ்சியதற்கு ஒரு லிட்டர் நீரில் 30 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் நன்றாக அடித்துக் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். தெளித்த பிறகு ஒரு வாரம் கீரை பறிக்காமல் விடுவது நல்லது. கசப்பு போவதற்கு அவ்வளவு நாள் ஆகும். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அதற்கு மருந்தில்லை, செடியைப் பிடுங்கிவிட வேண்டும். காய் முற்றும் பருவத்தில் சிவப்பும் கறுப்புமாகக் கூட்டமாய் வந்து மொய்க்கும் பருத்திச் சிவப்புப் பூச்சி, விதையின் சாற்றை உறிஞ்சும். விதைக்காக விட்ட காய்களை மட்டும் பழைய மெல்லிய துணியில் பைபோலக் கட்டிக் காப்பாற்றலாம்.

அறுவடை

விதைத்த 40 முதல் 45 நாட்களில் முதல் இலைப் பறிப்பு தொடங்கலாம். கிளையை ஒடிக்காமல், அடியிலுள்ள முற்றிய இலையை விட்டு, நடுவில் இருக்கும் அகன்ற இளம் இலைகளைக் காம்போடு கிள்ள வேண்டும். பத்து நாட்களுக்கு ஒருமுறை பறிக்கலாம். ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இலைக்கு மேல் எடுக்கக் கூடாது. காய்க்காக வளர்க்கும் செடியில் ஆவணி பிறந்ததும் இலைப் பறிப்பை நிறுத்திவிட வேண்டும். பூத்த பிறகு இலை சிறுத்து, கடினமாகிவிடும். அதைக் கடைந்தாலும் திப்பி நிற்கும்.

பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். அது உதிர்ந்ததிலிருந்து மூன்று வாரத்துக்குள் சிவப்புத் தோல் சதைப்பிடித்து நிற்கும். இதுதான் பறிக்கும் பருவம். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் காயைப் பிடித்துத் திருகினால் சடக்கென்று முறிந்து வர வேண்டும். கத்தரிக்கோல் தேடும்படி காம்பு கட்டையாகிவிட்டால் பருவம் தவறிவிட்டது. தோலும் நார் ஏறியிருக்கும். காலையில் பனி உலர்ந்த பிறகு பறிப்பது உலர்த்துவதற்கு நல்லது. பறிக்கப் பறிக்க அடுத்தடுத்துக் காய் வரும். நன்றாகக் கிளைத்த ஒரு செடி, பருவம் முழுவதிலும் ஒரு கிலோ வரை சிவப்புத் தோல் தரும்.

தோலைப் பிரிக்க, காயின் அடிப்பகுதியைக் கத்தியால் வட்டமாகக் கீறி, உள்ளே இருக்கும் பச்சைக் காயை அடியிலிருந்து தள்ளினால் கிண்ணம் போல முழுதாக வந்துவிடும். பச்சைக் காய்களை எறிந்துவிடாதீர்கள், ஜாமுக்கு அவை வேண்டும். உலர்த்துவதற்கு நேர் வெயிலைவிடக் காற்றோட்டமான நிழல் சிறந்தது. வெயிலில் நிறம் மங்கும். மார்கழிப் பனியில் இரவு வெளியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தோல் கையில் நொறுங்கும் வரை உலர வேண்டும். பத்துக் கிலோ பச்சைத் தோல் உலர்ந்தால் ஒரு கிலோ அளவே நிற்கும்.

அடுப்பில்

பாத்திரத்திலிருந்து தொடங்குகிறேன். புளிச்சக்கீரையை அலுமினியச் சட்டியில் சமைக்கக் கூடாது. ஒருமுறை உறவினர் வீட்டில், நாள்பட்டுக் கறுத்திருந்த அலுமினியக் குண்டானில் இந்தக் கீரையை வேகவைத்தார்கள். கீரையை எடுத்த பிறகு பார்த்தால், கீரை நின்ற மட்டம் வரை பாத்திரத்தின் உள்பக்கம் வாங்கிய நாளைப் போல வெள்ளையாகப் பளபளத்தது; அதற்கு மேலே பழைய கறுப்பு அப்படியே கோடு போட்டது போல நின்றது. பளபளப்பைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்தக் கறுப்பும் உலோகமும் கரைந்து கீரையோடுதான் சேர்ந்தன என்று நான் சொன்ன பிறகு, அந்தக் கடைசலை யாரும் தொடவில்லை. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களும் இதே காரணத்தால் ஆகா. மண்சட்டி முதல் தரம், இல்லையென்றால் எவர்சில்வர்.

களிக்கு ஏற்ற கடைசலுக்கு, இரண்டு கட்டுக் கீரையை ஆய்ந்து நன்றாக அலசி, தண்ணீரை வடித்துக்கொள்ளுங்கள். மண்சட்டியில் சிறிது கடலை எண்ணெய் விட்டு, பதினைந்து சின்ன வெங்காயம், ஆறேழு பூண்டுப் பல், எட்டுக் காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு தேக்கரண்டி மல்லி விதை ஆகியவற்றை வதக்கி, அதன் மேல் கீரையைப் போட்டு மூட வேண்டும். தண்ணீர் அரை டம்ளருக்கு மேல் தேவையில்லை. கீரையே நீர் விட்டுக் குழையும். மூடிய சில நிமிடங்களில் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். முதன்முதலாகச் செய்பவர்கள் கருகிவிட்டது என்று பதறுவார்கள். கீரையிலுள்ள புளிப்பே பச்சையத்தை அப்படி மாற்றுகிறது, அது இயல்பு. கல்லுப்புச் சேர்த்து, சூடு இருக்கும்போதே மத்தால் கடைய வேண்டும். மிக்சியில் அரைத்தால் பசை போலாகி, வெங்காயமும் மல்லியும் நாக்கில் தனித்துப் படாது. நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, சூடான ராகிக் களி உருண்டையின் நடுவில் குழி செய்து ஊற்றிச் சாப்பிட, வேறு தொடுகறி தேவையில்லை.

பருப்போடு சமைப்பவர்கள் துவரம்பருப்பைத் தனியாக மலர வேகவைத்த பிறகே கீரையைச் சேர்க்க வேண்டும். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால், எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு மசியாது.

ஊறுகாய்த் தொக்குக்கு அரைக் கிலோ ஆய்ந்த இலையைக் கழுவி, வேட்டித் துணியில் பரப்பி, ஒரு இரவும் மறுநாள் அரை நாளும் நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். இந்த ஒரு செயலில்தான் ஊறுகாயின் ஆயுள் இருக்கிறது. ஈரம் இருந்தால் இரண்டாம் வாரம் மேலே வெள்ளை படரும். 150 மில்லி நல்லெண்ணெயில் பாதியைக் காய வைத்து, இலையை இரண்டு மூன்று முறையாகப் போட்டுச் சுருள வதக்கி ஆறவிடுங்கள். இருபது காய்ந்த மிளகாயையும் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தையும் வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து, இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பும் வதக்கிய இலையும் சேர்த்து, தண்ணீர் ஒரு சொட்டும் விடாமல் அரைக்க வேண்டும். மீதி எண்ணெயில் கடுகும் பதினைந்து பூண்டுப் பல்லும் தாளித்து, அரைத்ததைப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை கிளறி, ஆறிய பிறகு உலர்ந்த ஜாடியில் அடைக்கலாம். மேலே ஒரு விரல்கடை எண்ணெய் நிற்க வேண்டும். புளி சேர்க்க வேண்டியதில்லை.

ஜாமுக்கு அரைக் கிலோ சிவப்புத் தோல் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்து வைத்த பச்சைக் காய்களில் இரண்டு கைப்பிடியை அரை லிட்டர் நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் நீர் சற்றுக் கொழகொழப்பாக இருக்கும். ஜாமை உறையவைக்கும் பெக்டின் அதில் இறங்கியிருக்கிறது. அந்த நீரிலேயே தோலை இருபது நிமிடம் வேகவைத்து மசித்து, 400 கிராம் சர்க்கரை சேர்த்து, மிதமான தீயில் விடாமல் கிளற வேண்டும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளும்போது மேல்பரப்பு சுருங்கினால் பதம் வந்துவிட்டது. கடையில் வாங்கும் பெக்டின் தூள் எதுவும் வேண்டாம். ருபார்ப் ஜாம் உண்டு வளர்ந்த பேரப்பிள்ளைகள் இதைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டு இன்னொரு கரண்டி கேட்கிறார்கள்.

பானத்துக்கு ஒரு லிட்டர் கொதிநீரில் 10 கிராம் உலர்ந்த தோலைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டி, நாட்டுச் சர்க்கரையோ பனங்கற்கண்டோ கலந்து குடிக்கலாம். ஊறு நீரின் காரத்தன்மையால் நிறம் மங்கினால், நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் சிவப்பு பளிச்சென்று திரும்பும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

புளிச்சக்கீரையிலும் ஆக்சாலிக் அமிலம் உண்டு. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் வகை என்பதால், கல் வந்தவர்களும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை அடிக்கடி உண்ணக் கூடாது. மற்றவர்கள் வாரம் ஒருமுறை, இருமுறை அஞ்சாமல் சாப்பிடலாம். கீரையை வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அமிலம் குறையும். அதே வேளையில் தயிரோ மோரோ சேர்த்துக்கொண்டால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். நம் வீடுகளில் களியும் கடைசலும் உண்ட பிறகு மோர் குடிப்பது இந்த வகையில் பொருத்தமே. சிவப்புத் தோல் பானம் இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கக்கூடியது. அதற்கு மாத்திரை எடுப்பவர்களும் கருவுற்றவர்களும் அன்றாடம் குடிக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

விதையும் தண்டும்

காய்த்த செடிகளில் உயரமும் கிளையும் நிறமும் நன்றாக இருக்கும் இரண்டைத் தேர்ந்து, அவற்றின் நடுக்கிளைக் காய்களைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். தை மாதத்தில் காய் பழுப்பாகி நுனியில் வெடிக்கத் தொடங்கும். முழுதாக வெடிப்பதற்குள் காலையில் பறிக்க வேண்டும், வெயில் ஏறிய பிறகு தொட்டால் விதை சிதறும். காயின் மேல் உள்ள நுண்ணிய மயிர் கையில் அரிக்கும் என்பதால் கைக்குத் துணி சுற்றிக்கொள்வது நல்லது. விதை கரும்பழுப்பாக, சிறுநீரக வடிவில் இருக்கும். மூன்று நாள் இளவெயிலில் காய வைத்து, சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி, மண்கலயத்திலோ கண்ணாடிப் புட்டியிலோ இட்டு மூடி, வகையையும் ஆண்டையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எஞ்சிய தண்டுகளை அடியோடு வெட்டிக் கட்டி, தொட்டி நீரில் அமுக்கி வைத்தால், இரண்டு முதல் மூன்று வாரத்தில் பட்டை நெகிழ்ந்து நார் உரிந்து வரும். அந்த நீர் கடுமையாக நாறும். வீட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். உரித்து அலசிக் காய வைத்த நார், அவரைப் பந்தலுக்குக் கட்டுக் கயிறாக நன்றாக உழைக்கும். நார் எடுக்காதவர்கள் தண்டை அப்படியே காய வைத்தால், அடுத்த வைகாசியில் புதிய செடிகளுக்கு ஊன்றுகுச்சியாக வைத்துக்கொள்ளலாம்.